மீனாட்சிக்கு 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு! தெரியுமா?

எல்.கே.ஜி. பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டிப் பாடுமே 'ட்விங்கிள் ட்விங்கிள்', அதே மெட்டில் மதுரை மீனாட்சி மேல் ஒரு சமஸ்கிருதப் பாட்டு இருக்கிறது, தெரியுமா? 'சியாமளே மீனாட்சி'! கட்டியவர் சாட்சாத் முத்துசுவாமி தீட்சிதர்! மெட்டு பழைய பிரெஞ்சு மெட்டு. மொசார்ட்டே அதை எடுத்துப் பியானோவில் 12 விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு இசை காதில் விழுந்ததில் தீட்சிதர் இப்படிச் செய்த உருப்படிகள் நாற்பதுக்குப் பக்கம். நோட்டுஸ்வரம் என்று பெயர். ராகம் சங்கராபரணம். வேறு எது பொருந்தும்? வெள்ளைக்காரரின் மேஜர் ஸ்கேலுக்கும் அதற்கும் அதே ஏழு சுரங்கள்தானே! சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு மட்டும் இங்கே வேலை இல்லை. சுரங்கள் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். இன்று நம் கச்சேரியில் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருக்கும் வயலினை ஐரோப்பியரிடம் கற்று வந்தவர் தீட்சிதருடைய தம்பி பாலுசுவாமிதான்!

மதுரை விட்டதா? ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஓர் 'இங்கிலீஷ் நோட்டு' கட்டினார். அவருடைய சீடர் மதுரை மணி ஐயர் பாடிப் பாடி, அதற்கு 'மதுரை மணி நோட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது! சாகித்யமே கிடையாது, வெறும் சுரம்தான். கேட்டுப் பாருங்கள், கால் தானாகத் தாளம் போடும்.

இந்தக் கூத்து நமக்கு மட்டுமா? சிங்கப்பூர் சீன இசைக்குழுவில் எர்ஹு என்ற சீனத் தந்தி வாத்தியத்துக்குத் துணையாக ஐரோப்பியச் செல்லோவும் டபுள் பாஸும் அமர்ந்திருக்கின்றன! எர்ஹுவுக்கு இரண்டே தந்தி. வில்லின் நார் அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டியே கிடக்கும். செல்லோக்காரரோ வில்லை இஷ்டத்துக்குத் தூக்கித் தூக்கி வாசிப்பார். ஆனாலும் சேர்ந்து ஒலிக்கிறது!

மறுபடி மதுரைக்கே வருவோம். பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தபோது அது மதுரை மாவட்டம். 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ 2005-ல் வந்த அவருடைய திருவாசகம்தான் பெரிய ஆச்சரியம். வாசித்தது ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டு மாணிக்கவாசகருடையது. அவர் ஊர்? மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போய்விடுகிற தூரத்தில், மேலூர்ப் பக்கம் இருக்கும் திருவாதவூர்!