பேனாவும் பென்னாவும்

திருமழபாடியிலிருந்து ஒரு தாயார் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். மகனுக்கு இத்தாலியில், மிலான் நகரத்தில், மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. "அந்த ஊர் ஆட்கள் எப்படி? சோறு கிடைக்குமா? எங்கள் பையன் அங்கே ஒட்டுவானா? எங்கள் ஊர் நந்தி கல்யாணக் கூட்டத்தில் நிற்கும்போதும் இதே யோசனைதான்." கடைசி வரியில் ஒரு கேள்வி: "எதைக் கொடுத்து அனுப்பட்டும்?"

ரோமாபுரி, பீட்சா, சாய்ந்த கோபுரம் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோறு கிடைக்கும், அம்மா. ஐரோப்பாவில் அதிகமாக நெல் விளைவிக்கும் நாடே இத்தாலிதான். மிலானைத் தாண்டினால் போ ஆற்றுச் சமவெளியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கட்டிய வயல்கள் இருக்கின்றன. அரிசியை வெண்ணெயில் வதக்கி, கொதிக்கிற சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறி ரிசோத்தோ செய்வார்கள். நம் பொங்கல் மாதிரி இளகி வரும். ஆனால் ஒவ்வொரு பருக்கையின் நடுவிலும் கொஞ்சம் விறைப்பு மிச்சமிருக்க வேண்டும் என்பார்கள். மாந்துவா வட்டாரத்து ரிசோத்தோ ஒன்றுக்கு 'பிலோத்தா' என்று பெயர். 'பீலா' என்பது நெல் குற்றும் உரல். அதில் குற்றிய கூலியாட்களின் பெயர்தான் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறது. அந்த ரிசோத்தோவில் பன்றி இறைச்சி உண்டு, சைவம் என்றால் கேட்டுச் சாப்பிட வேண்டும். பாலாடைக்கட்டியிலும் கவனம் தேவை: புகழ்பெற்ற பார்மிசான் கட்டிக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைத்தான் விடுவார்கள். அதே மாந்துவாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பரங்கிக்காய்ப் பூரணம் வைத்த தொர்த்தெல்லி சாப்பிடுவார்கள். நம் கொழுக்கட்டைக்கு அது ஒன்றுவிட்ட தங்கை.

மகன் தொலைபேசியில் "பாரில் இருக்கிறேன்" என்றால் பயப்படாதீர்கள். அங்கே பார் என்றால் முக்கியமாகக் காப்பிக் கடை. மேடை அருகே நின்றபடி சின்னக் கோப்பையில் கடுங்காப்பியை இரண்டு மூன்று வாயில் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பால் நுரை ததும்பும் கப்புச்சீனோ காலைக்கு மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்டால் 'வெளியூர்' என்று தெரிந்துவிடும். சாயங்காலம் குடும்பத்தோடு நல்ல துணி உடுத்திக் கடைவீதியில் மெல்ல நடப்பார்கள். எங்கும் போவதற்கில்லை, நாலு பேரைப் பார்க்கவும் பேசவும்தான். அதற்கென்றே 'பஸ்ஸெஜ்ஜாத்தா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் இனிப்பு வாங்கிப் போகலாம், பூவும் வாங்கலாம், சாமந்தி மட்டும் கூடாது. நமக்கு மங்கலமான சாமந்தி அவர்களுக்குக் கல்லறைப் பூ. நவம்பர் 2 அன்று இறந்தவர்களின் கல்லறையில் வைப்பது.

'கம்பனிலிஸ்மோ' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பனிலே என்றால் மணிக்கூண்டு. தன் ஊர் மணிக்கூண்டின் மேல் வைத்திருக்கும் பாசமும் பிடிவாதமும் கம்பனிலிஸ்மோ. இன்றைய இத்தாலி ஒரே நாடாக ஆனதே 1861-ல்தான். அதனால் ஒவ்வொருவருக்கும் முதலில் ஊர், பிறகுதான் தேசம். கொள்ளிடம் தாண்டி வரும்போது உங்கள் ஊர் வைத்தியநாத சுவாமி கோயில் கோபுரம் கண்ணில் பட்டதும் உங்களுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று இளகுமே, அதுதான். உங்கள் பையன் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாலும் அங்கே யாருக்கும் விநோதமாகப் படாது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த நாட்டுக்காரர் ஒருவர் உங்கள் திருமானூர் ஒன்றியத்திலேயே வாழ்ந்திருக்கிறார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர்தான். பிறந்தது 1680-ல், மாந்துவா பக்கத்துக் காஸ்திலியோனே என்ற சிற்றூரில். உங்கள் பையன் போகும் அதே லொம்பார்தி மாநிலம். இயற்பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. தேம்பாவணியும் சதுரகராதியும் அவர் தந்தவை. "ஒட்டுவானா" என்று நீங்கள் கேட்டதற்கு அந்தச் சிற்றூர் வேறொரு பதிலும் வைத்திருக்கிறது. 1859-ல் பக்கத்துச் சோல்பெரீனோவில் பெரும்போர் நடந்தது. ஆயிரக்கணக்கில் காயம்பட்டவர்கள் காஸ்திலியோனேயில் வந்து விழுந்தார்கள். ஊர்ப் பெண்கள் மாதா கோயில்களைத் திறந்துவிட்டு, எதிரிப் படை வீரன் என்று பார்க்காமல், 'எல்லாரும் சகோதரர்கள்' என்று சொல்லிக் கட்டுப் போட்டார்கள். அதைக் கூடவே இருந்து பார்த்த ஆன்ரி துனான் மனத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கம் முளைத்தது.

வீரமாமுனிவரைப் பற்றிக் காவியமும் அகராதியும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அவரிடம் வியப்பே ஒரு சின்னச் சுழியில்தான்.

என் தாத்தா வீட்டு மரப்பெட்டியில் ஒரு கட்டு ஓலைச்சுவடி இருந்தது. சிறுவயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதைப் படிக்க முயன்று தோற்றேன். தமிழ்தான், ஆனால் ஒரு புள்ளி கூட இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள் என்று தாத்தா சொன்னார். மெய்யெழுத்துக்குப் புள்ளி போகட்டும், பழகிவிடலாம். தொல்காப்பியம் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் கூடப் புள்ளிதான் அடையாளம் என்கிறது. புள்ளி வைத்தால் எ, வைக்காவிட்டால் ஏ. ஓலையில் புள்ளியே கிடையாது என்றால்? 'ஏடு எடு' என்று எழுதினால் ஒரே சொல் இரண்டு தரம். ஏரியும் எரியும் ஒன்று. கொடியும் கோடியும் ஒன்று. அந்தக் காலத்தில் ரகரமும் துணைக்காலும் வேறு ஒரே மாதிரி இருந்தன. கொம்பு, த, கால் என்று மூன்றைச் சேர்த்து எழுதினால் தொ, தோ, தெர, தேர எனப் பலவற்றில் எதுவாகவும் இருக்கலாம். பொருள் தெரிந்தவனுக்குத்தான் எழுத்து தெரியும். எழுத்தைக் கொண்டு பொருளுக்குப் போக நினைத்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வீரமாமுனிவரும் அந்த வாசலில்தான் வந்து நின்றிருப்பார். புள்ளியை நம்பாமல் கோட்டிலேயே வேற்றுமை செய்தார். நெடிலுக்குக் கொம்பின் மேலே ஒரு சுழி, ஏகாரத்துக்குக் கீழே ஒரு இழுப்பு, ஓகாரத்துக்கு ஒரு சுழி. எழுத்தாணி ஓலையைவிட்டு எழாமல் போடக்கூடியவை. லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் அவர் சமய வாதத்தில் கடுமையாக எதிர்த்த புராட்டஸ்டண்டு சபையார். சண்டைக்கு நடுவிலும் அந்த நூல் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இந்தக் குறில் நெடில் குழப்பம் ஏன் இந்த மனிதர் காதில் விழுந்தது? இது என் ஊகம். இத்தாலிய மொழியிலும் இரண்டு எகரம், இரண்டு ஒகரம் உண்டு. எழுத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். 'பெஸ்கா' என்பதை வாயை விரித்துச் சொன்னால் ஒரு பழம், பீச். வாயைக் குறுக்கிச் சொன்னால் மீன்பிடித்தல். அந்தப் பள்ளத்தில் தடுக்கி வளர்ந்தவருக்கு நம் வீட்டுப் பள்ளம் சட்டென்று தெரிந்திருக்கும்.

இதைவிட நெருக்கமான ஓர் ஒற்றுமை உண்டு. நமக்குப் பலியும் பல்லியும் வேறு. அவர்களும் ஒற்றை அழுத்தியே சொல்வார்கள், ஒற்று விட்டுப்போனால் பொருள் மாறும். 'காசா' வீடு, 'கஸ்ஸா' பெட்டி. ஒற்று இரட்டித்தால் முன்னால் உள்ள உயிர் குறுகும், இரட்டிக்காவிட்டால் நீளும். 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. இந்த இரண்டையும் வேறுபடுத்தித் தமிழில் எழுதிக்காட்ட அவர் போட்ட சுழிதான் எனக்கு இப்போது கைகொடுக்கிறது. இன்னொரு இணை, 'பேனா'வும் 'பென்னா'வும். பேனா என்ற சொல் நமக்குப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது என்பார்கள். இத்தாலியில் எழுதுகோல் 'பென்னா'. 'பேனா' என்றால் துயரம். உங்கள் மகன் முதல் நாள் வகுப்பில் பக்கத்துப் பையனிடம் இரவல் கேட்பதானால் னகரத்தை நன்றாக அழுத்திக் கேட்கட்டும். ஆங்கிலம் பேசிப் பழகிய பலர் தடுமாறும் இடம் இது. தமிழ் நாக்குக்குச் சிரமமே இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்துத் தந்ததை நாம் என்ன செய்கிறோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒரு சுவரொட்டியில் 'எலாக்குறிச்சி' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். அவர் வாழ்ந்த ஊரின் முதல் எழுத்திலேயே அவருடைய இழுப்பு இல்லை. கைபேசியிலோ தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறோம். அதில் ஏரியும் எரியும் மறுபடி ஒன்றாகிவிட்டன. ஓலைக்காவது கிழிந்துவிடும் என்ற காரணம் இருந்தது. தமிழ் விசைப்பலகை இப்போது பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது, பழக ஒரு வாரம் போதும். பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதைக் கொடுத்து அனுப்பட்டும் என்று கேட்டீர்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் நீங்களே எடுத்து வைத்திருப்பீர்கள். புறப்படும் முன் ஒரு நாள் ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் வாருங்கள். அவன் கைபேசியிலும் உங்களுடையதிலும் தமிழ் விசைப்பலகையைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் கரைவெட்டி ஏரி நிரம்பிவிட்டது என்று நீங்கள் எழுதும்போது, மிலானில் உட்கார்ந்து அவன் அதை ஏரி என்றே படிக்கட்டும்.