மறைவில் வரும் வண்டி

தெருவைக் கடக்கும் பிள்ளைகள் – 6

சென்ற வாரம் பள்ளி வாசல் வேகத்தடைகளைப் பற்றிப் பார்த்தோம். அது வண்டி ஓட்டுபவர்களுக்கான பாடம். இந்த வாரம் பிள்ளைகளுக்கான பாடம். அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித்தரும் மேஜிக் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவோம்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 9,528 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடுகிறோம். பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி எல்லாம் நடக்கின்றன. 'பார்த்துப் போ' என்ற சொல்லைப் பிள்ளைகள் கேட்காத நாளே இல்லை. எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது என்று காட்டித்தருபவர்கள்தான் குறைவு.

ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் அம்போஃபோ-போட்டெங், தாம்சன் இருவரும் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாலையைக் கடக்கப் பத்திரமான இடம் எது என்று 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் கேட்ட ஆய்வு அது. 5, 7 வயதுப் பிள்ளைகள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: கண்ணுக்கு வண்டி தெரிகிறதா, இல்லையா? வளைவாக இருக்கட்டும், நிறுத்திவைத்த கார்களின் இடுக்காக இருக்கட்டும், வண்டி தென்படவில்லை என்றால் அந்த இடம் பத்திரம் என்று சொல்லிவிட்டார்கள்.

நம் ஊரில் பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளை, வேனுக்கு முன்பக்கமாகப் புகுந்து ஓடுவதும் இந்தக் கணக்கில்தான். அந்தப் பக்கம் முந்திக்கொண்டு வரும் பைக் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால், அதைப் பொறுத்தவரை அங்கே பைக்கே இல்லை.

இந்தத் தப்புக் கணக்கைத் திருத்த மேஜிக் அருமையான கருவி. கண்ணுக்கு மறைந்த பொருள் எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதுதானே அந்தக் கலையின் அஸ்திவாரம்! கலைஞர் ஒரு துணிப்பையை விரித்துக் காட்டுகிறார். "இதுதான் உங்க ஸ்கூல் வேன். இதுக்குப் பின்னாடி ஏதாவது வண்டி இருக்கா?" பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "இல்லை!" என்று கத்துகிறார்கள். மறுநொடி அதே பையிலிருந்து ஒரு பொம்மை லாரி வெளியே வருகிறது. அரங்கமே வாய்பிளக்கிறது. 'மறைவு இருந்தால் வண்டியும் இருக்கலாம்' என்பதை அந்த நேரத்தில் சொன்னால் மனத்தில் பதியும்.

அடுத்தது காமெடி. கலைஞர் காதில் செல்போனோடு மேடையில் சாலையைக் கடக்கிறார். முதுகுக்குப் பின்னால் அட்டை லாரி ஒன்று மெல்ல நகர்ந்து வருகிறது. "அங்கிள், பின்னாடி! பின்னாடி!" என்று பிள்ளைகள் அலறுகிறார்கள். அவர் திரும்புவதற்குள் லாரி மறைந்துவிடுகிறது. "எங்கே? ஒண்ணையும் காணோமே!" சிரிப்பு அடங்க நேரமாகிறது. கடைசியில் பிள்ளைகளே அவருக்குப் பாடம் எடுக்கிறார்கள்: "போனை வைங்க. நில்லுங்க. வலது பக்கம் பாருங்க, இடது பக்கம் பாருங்க, மறுபடியும் வலது பக்கம் பாருங்க!" நாம் இடப்பக்கமாகப் போகும் நாட்டில் இருப்பதால், முதலில் நம்மை நெருங்கும் வண்டி வலப்பக்கமிருந்து வரும். அதனால்தான் இந்த வரிசை. பெரியவர் தடுமாறத் தாங்கள் திருத்தும்போது, பிள்ளைகள் விதியைத் தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். பத்து முறை காதால் கேட்டாலும் இந்தப் பலன் வராது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வெட்டிய கயிறு ஒட்டிக்கொள்வது, நொறுங்கிய பொருள் முழுசாவது போன்ற வித்தைகளுக்குச் சாலைப் பாடத்தில் இடமில்லை. மந்திரக்கோலை நீட்டியதும் லாரி நிற்பதும் கூடாது. அடிபட்டால் சரியாகிவிடும், கை காட்டினால் வண்டி நின்றுவிடும் என்ற எண்ணம் சின்ன மனத்தில் விழுந்தால் ஆபத்து.

மேடையோடு பாடம் முடிந்துவிடவும் கூடாது. கிளாஸ்கோவின் டிரம்சேப்பல் பகுதியில் தாம்சன் குழுவினர் நடத்திய பயிற்சிகளிலிருந்து 'கெர்ப்கிராஃப்ட்' என்ற திட்டம் உருவானது. பயிற்சி பெற்ற பெற்றோர்களும் தன்னார்வலர்களும் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக நிஜச் சாலைக்கே அழைத்துப்போய்ப் பழக்குகிறார்கள். பத்திரமான இடத்தைத் தேர்வது, நிற்கும் வண்டிகளுக்கு அருகே கடப்பது, சாலைச் சந்திப்பில் கடப்பது என்று மூன்றே பாடங்கள்.

தலைமை ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் மேஜிக் நிகழ்ச்சி நடத்துங்கள். அந்த வாரமே பிள்ளைகளை நாலைந்து பேராகப் பள்ளி வாசலுக்கு அழைத்துப்போய்ப் பழக்குங்கள். பெற்றோர்களே, நின்றுகொண்டிருக்கும் வேன் பக்கத்தில் உங்கள் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து சாலையைப் பாருங்கள். அதற்கு எவ்வளவு மறைக்கிறது என்று அப்போது புரியும். வேன் கிளம்பிப் போன பிறகே கடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பத்து வயதாவது ஆகும்வரை கையைப் பிடித்துக்கொண்டே கடங்கள்.