கைத்துடுப்பா, கால்மிதியா?

ஒருவர் மட்டும் ஏறிச் சென்று மீன் பிடிக்கும் சிறு கலம் என்றவுடன், பொழியூர், நீரோடி போன்ற கரையூர்களில் வாழ்வோருக்குக் கட்டுமரமே முதலில் நினைவில் எழும். அண்மைக் காலத்தில் கயாக் என்னும் மற்றொரு சிறு கலமும் தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வமுள்ளோரின் கவனத்தை ஈர்த்து வருகிறது. அதில் இரு வகைகள் உண்டு. ஒன்று கையால் துடுப்பு வலிப்பது; மற்றொன்று காலால் மிதிப்பது. இவ்விரண்டில் எதனை வாங்குவது என்று தயங்குவோருக்கு உதவும் சில செய்திகளை இங்கே ஆராய்வோம்.

கயாக் வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் தோன்றியது. அங்கு வாழும் இனூயிட் மக்கள் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, நீர் உட்புகாதபடி மேற்புறத்தையும் மூடி, அதிலிருந்து வேட்டையாடினர். இன்று மீன்பிடிப்புக்கென விற்கப்படும் கயாக்குகளிற் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கால் ஆனவை. உள்ளே இறங்கி அமராமல் மேலே அமர்ந்து செல்லும்படி அமைந்தவை. மேல்தட்டில் விழும் நீர், அதிலுள்ள துளைகளின் வழியே தானே வடிந்துவிடும். கட்டுமரத்தில் ஏறும் அலைநீர் மரங்களின் இடைவெளி வழியே வடிவதை அறிந்தவர்களுக்கு இந்த முறை புதியதன்று.

துடுப்புக் கயாக்கின் அமைப்பு மிக எளியது. ஒரே கோலின் இரு முனைகளிலும் இரண்டு அலகுகள் இருக்கும். வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறி வலித்தால் கலம் முன்னேறும். பழுதாகக்கூடிய பொறி எதுவும் இதில் இல்லை. முழங்காலளவு நீரிலும் செல்லும். ஆயினும் ஒரு குறை உண்டு. துடுப்பைப் பிடித்திருக்கும் கைகள் தூண்டிலைப் பிடிக்க இயலாது. நீரடிப் பாரின்மேல் நின்று தூண்டில் போடுபவரை நீரோட்டம் இழுத்துச் செல்லும்; அவர் அடிக்கடி தூண்டிலை வைத்துவிட்டுத் துடுப்பை எடுக்க வேண்டும். மீன் தூண்டிலைக் கவ்வும் வேளையும் பெரும்பாலும் அதுவாகவே அமைந்துவிடும்.

இக்குறையை நீக்கவே கால்மிதி வந்தது. 1997-ஆம் ஆண்டில் ஹோபி என்னும் அமெரிக்க நிறுவனம், பென்குயின் பறவை நீருக்கடியில் இறக்கையசைத்து நீந்துவதுபோல் அசையும் இரு துடுப்புகளைக் காலால் இயக்கும் கருவியைக் கொணர்ந்தது. மற்றொரு வகையில், சைக்கிளைப்போல் மிதிகட்டையைச் சுழற்றினால் நீரின் கீழுள்ள சுழல்விசிறி சுழலும். பின்னோக்கி மிதித்தால் கலம் பின்னோக்கிச் செல்லும். தொடைத் தசைகள் தோள் தசைகளிலும் வலியவை. ஆகவே நெடுந்தொலைவு செல்பவருக்குக் களைப்புக் குறையும். கைகளும் தூண்டிலுக்கே உரியனவாகிவிடும். ஒரு கை மட்டும் இடையிடையே சுக்கானைத் திருப்பினால் போதும்.

இவ்வளவு நலன்கள் இருக்க, எல்லோரும் மிதியையே வாங்கலாமே என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை நாம் எந்த நீரில் இறங்கப் போகிறோம் என்பதில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் ஒன்றுக்கொன்று அருகிலேயே மூவகை நீர்கள் உள்ளன.

முதலாவது, அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். 1860-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய இக்கால்வாய் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க வேண்டும் என்பது நோக்கம், அது முற்றுப்பெறவில்லை. பூவாற்றிலிருந்து பொழியூர், நீரோடி வழியாகக் குளச்சலை நோக்கி வெட்டப்பட்ட பகுதியில் பல இடங்கள் இன்று தூர்ந்தும் பாசி படர்ந்தும் கிடக்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தபொழுது இக்கால்வாயும் இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. இத்தகைய ஆழமற்ற, செடி மண்டிய நீரில் சுழல்விசிறி சிக்கிக்கொள்ளும். மிதிக்கருவி நன்கு இயங்க ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழமேனும் தேவை. இங்கே துடுப்பே ஏற்றது.

இரண்டாவது, நெய்யாற்றின் முகம். அகத்தியமலைத் தொடரில் பிறந்து வரும் ஆறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. இங்குள்ள காயல் அகன்றது, அலையற்றது, கொடுவாயும் மடவையும் திரியும் இடம். ஓரங்களை விட்டு ஆழமான பகுதியில் நிற்கும்வரை மிதிக்கயாக் இங்கே மிகுந்த பயன் தரும். ஓட்டத்துக்கு எதிராக மெல்ல மிதித்து ஓரிடத்திலேயே நின்றுகொண்டு இரு கைகளாலும் தூண்டிலைக் கையாளலாம். ஆனால் மணல்திட்டு உடைந்து பொழி திறந்திருக்கும் நாட்களில், ஆற்றுநீர் கடலை நோக்கி விரைந்து பாயும். அந்த இழுப்பை எந்தக் காலும் எந்தக் கையும் வெல்லா. பொழிமுகத்தை விட்டு விலகியிருப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, திறந்த கடல். துடுப்பா மிதியா என்னும் கேள்வி இங்கேதான் உயிரைப் பற்றியதாக மாறுகிறது. இக்கரை செங்குத்தாகச் சரிந்தது. அலை கரையருகிலேயே எழுந்து உடையும். ஆழ்கடலில் மிதியே வசதியானது என்பதில் ஐயமில்லை. எனினும் அலையுடையும் இடத்தைத் தாண்டும்பொழுது மிதிக்கருவி கீழே நீட்டிக்கொண்டிருந்தால் மணலில் மோதி முறியும். கலமும் குப்புறக் கவிழும். ஆகவே கரையைவிட்டுப் புறப்படும்பொழுதும், கரைக்குத் திரும்பும்பொழுதும் கருவியை உயர்த்திவிட்டுத் துடுப்பால்தான் வர வேண்டும். கட்டுமரக்காரர் அலைகளை எண்ணிப் பார்த்து, பெரிய அலைகள் ஓய்ந்த இடைவெளியில் துழாவிப் புகுவதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். மிதிக்கயாக் வாங்குபவரும் துடுப்பு வலிக்கக் கற்றே தீரவேண்டும். கற்காதவர் கடலுக்குப் போகலாம், திரும்புவது உறுதியன்று.

இனி, எடையும் விலையும். துடுப்புக் கயாக் பெரும்பாலும் 25 முதல் 35 கிலோ எடையுள்ளது. இருவர் எளிதாகத் தூக்கலாம். மிதிக்கயாக் 40 கிலோவுக்கு மேற்பட்டதாகவே இருக்கும். மணற்கரையில் அதனை இழுத்து ஏற்றச் சக்கரவண்டியோ துணையாளோ வேண்டும். விலையும் பல வேளைகளில் இருமடங்காகும். உப்புநீரில் சென்று வந்தபின் ஒவ்வொரு முறையும் நன்னீரால் கருவியைக் கழுவி, மணலை நீக்கி, உலர்த்தி வைக்காவிட்டால் உலோக உறுப்புகள் விரைவில் அரித்துப்போகும். உதிரி உறுப்பு உள்ளூரில் கிடைக்குமா என்பதைக் கலம் வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

எனவே, கால்வாயிலும் ஆற்றோரத்திலும் மீன் பிடிப்போருக்குத் துடுப்புக் கயாக் போதும். அகன்ற காயலில் நெடுநேரம் இருப்போரும் தோள்வலி உடையோரும் மிதியை நாடலாம். முழங்கால் நோய் உடையவர்களுக்குத் துடுப்பே நல்லது. முதன்முதலாக வாங்குவோர் ஓராண்டேனும் துடுப்பில் பழகிய பின்னர் மிதிக்கு மாறுவது சிறப்பு. எதை வாங்கினும் மிதவைச்சட்டை அணிவது கட்டாயம். துடுப்பையும் மிதிக்கருவியையும் கலத்தோடு கயிற்றால் பிணைத்திருக்க வேண்டும். கவிழ்ந்த கலத்தை நிமிர்த்தி, பக்கவாட்டில் நீந்தி ஏறும் முறையை அமைதியான நீரில் பலமுறை பயில வேண்டும். விடியற்காலையில் கரையிலிருந்து வீசும் காற்று நம்மை எளிதாகக் கடலுக்குள் கொண்டு சென்றுவிடும். அந்த எளிமையை நம் வலிமை என்று கருதலாகாது. திரும்பும் தொலைவைக் கணக்கிட்டே செல்ல வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், கடலிலேயே பிறந்து வளர்ந்த இக்கரை மீனவர் பலரைத் திரும்ப விடவில்லை. பொறி பூட்டிய படகுகளுக்கே அந்நிலை ஏற்பட்டதெனில், பத்து அடி நீளமுள்ள கயாக்குக்கு வானிலை எச்சரிக்கை எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கூற வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கயாக்கைக் காயலோடு நிறுத்திக்கொள்வதே நலம். நல்ல மீன் இன்று கிடைக்காவிடினும் நாளை கிடைக்கும். கையோ காலோ, எது நம்மைத் தவறாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்குமோ, அதுவே நமக்கேற்ற கருவி.