மாயூரம் தந்த இசைச் செல்வர்

ஆரணி நகரின் நெசவாளர் தெருக்களில் காலைப் பொழுது தறியின் ஒலியோடுதான் விடிகின்றது. குழித்தறியில் அமர்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளருக்கு அவ்வொலியே தாளம். பாவு நிலைத்து நிற்க, ஊடை மீண்டும் மீண்டும் குறுக்கே ஓடி வந்து சேர, பட்டுச்சேலை உருவாகின்றது. கீர்த்தனையும் இத்தகைய நெசவே அன்றோ? பல்லவி நிலைத்து நிற்கின்றது. சரணங்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டு அதனிடமே வந்து சேருகின்றன.

அத்தகைய கீர்த்தனைகளைத் தெளிந்த தமிழில் நெய்து தந்த கத்தோலிக்கப் பெரியார் ஒருவர் உண்டு. 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலின் ஆசிரியராகவே அவரை நம்மில் பலர் அறிவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்கள் சிறந்த இசைப் புலவர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளையின் மைந்தராக அவர் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். அதன்பின் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அம்மாயூரமே அவருடைய பெயரோடு நிலைத்துவிட்டது.

நீதிமன்றத்தில் அவர் கண்ட குறை ஒன்று அவர் உள்ளத்தை வருத்தியது. வழக்காடும் ஏழைக்குத் தன் வழக்கில் என்ன பேசப்படுகின்றது என்பதே விளங்கவில்லை. ஆகவே நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக 1862-ல் வெளியிட்டார். மக்களுக்கு உரிய நீதி மக்களின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது அவருடைய உறுதி.

இசையிலும் அவர் அதையே செய்தார். தியாகராஜர் 1847-ல் மறைந்தபின், காவிரிக் கரையில் தெலுங்குக் கீர்த்தனைகளே பெரிதும் கோலோச்சின. சீர்காழி முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வளர்த்த தமிழ்க் கீர்த்தனை மரபும் அம்மண்ணில் உயிரோடு இருந்தது. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்திலேயே வாழ்ந்தார். அவருடைய நட்பும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பும் நம் முன்சீப்புக்கு வாய்த்தன. இருவரும் சைவர், இவரோ கத்தோலிக்கர். ஆயினும் தமிழும் இசையும் அவர்களை ஒரு குடும்பமாக்கின. மகாவித்துவான் இவர்மீது 'குளத்தூர்க் கோவை' பாடினார். இவரும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து செய்யுள் இயற்றினார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அந்நாளில் பிள்ளையவர்கள் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பலர் உயிரைக் காத்தார். அக்கொடையைக் கண்டு உருகிய பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பிள்ளையவர்களோ பஞ்சம் தீர இறைவனை இறைஞ்சிப் பாடினார். பசித்தவன் எச்சமயத்தான் என்று கஞ்சித் தொட்டி கேட்பதில்லை. அவருடைய பாட்டும் கேட்கவில்லை.

பஞ்சத்தின் கடைசி ஆண்டாகிய 1878-ல் வெளிவந்தது 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எச்சமயத்தாரும் தம் இறைவனை நினைந்து பாடத்தக்க வகையில் அமைந்த பாடல்கள் அவை. இறைவனைத் துதிப்பதோடு அவை நின்றுவிடவில்லை. கைக்கூலி வாங்கும் அதிகாரியை இடித்துரைக்கின்றன. கணவன் மனைவியரின் அன்பைப் பேசுகின்றன. அலைபாயும் மனத்திற்கு அறிவு புகட்டுகின்றன. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவரே கைக்கூலியைக் கண்டித்துப் பாடியது சிறிய காரியமன்று.

சமரசம் பாடியவர் தம் விசுவாசத்தை மறந்தாரோ என்று எவரேனும் ஐயுறலாம். 'சத்திய வேதக் கீர்த்தனை'யையும் 'தேவமாதா அந்தாதி'யையும் இயற்றியவரும் அவரே. தம் வீட்டு விளக்கை நன்றாக ஏற்றி வைத்தவரே, தெருவில் நடப்போர்க்கும் ஒளி தந்தார்.

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், தம் 62-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். நூல்கள் அச்சில் உள்ளன. ஆனால் கீர்த்தனை ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. பாவு தறியேறாமல் சேலையாவதில்லை. பாட்டும் நாவேறாமல் இசையாவதில்லை. இல்லங்களில் மாலைச் செபம் முடிந்தபின், பிள்ளைகள் தார் சுற்றும் தாயின் அருகே அமர்ந்து, இப்பெரியாரின் கீர்த்தனை ஒன்றையேனும் பாடிப் பழகட்டும். பொருள் விளங்கிப் பாடும் பாட்டு, பாடுவோரின் வாழ்வையும் திருத்தும் என்பதே அவருடைய நம்பிக்கை.