மூன்று வேலை நாள்

அரூரில் ஒருவருடைய செல்போனுக்கு இரவு 11:40 மணிக்கு எஸ்எம்எஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்த்தே இராத வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் அவருடைய கிரெடிட் கார்டிலிருந்து 9,900 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறது. ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் ரகசிய எண், கேட்கப்படவில்லை. உள்நாட்டு இணையப் பரிவர்த்தனைகளுக்கு 2009 ஆகஸ்ட் முதல் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்க எண் ஆகியவையே போதும்.

பணத்துக்கு யார் பொறுப்பு என்பதற்கான விதியை இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வகுத்தது. அதன்படி, வங்கியின் தவறோ குறைபாடோ காரணம் என்றால், வாடிக்கையாளர் புகார் செய்யாவிட்டாலும் அவருக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ தகவல் கசிந்தது என்றால் நாள் கணக்கு வருகிறது. வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு உச்சப் பொறுப்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் வரம்புள்ள கார்டுக்கு 25,000 ரூபாய். ஏழு நாளைத் தாண்டினால், அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கை எதுவோ அது.

10,000 ரூபாய் என்ற உச்சவரம்பு மொத்த மோசடிக்கு அல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரியது. 9,900 ரூபாய் வீதம் ஐந்து முறை எடுக்கப்பட்டு, புகார் ஐந்தாம் வேலை நாளில் போனால், அந்த வரம்பு ஒரு ரூபாயைக்கூடக் காப்பாற்றாது. 49,500 ரூபாயும் வாடிக்கையாளர் தலையில் விழலாம்.

வேலை நாள் கணக்கு வாடிக்கையாளருக்குச் சாதகமானது. தகவல் வந்த நாள் சேராது, விடுமுறையும் சேராது. 2025 ஜனவரி 13 இரவு தர்மபுரி கிளை வாடிக்கையாளர் ஒருவருக்கு எஸ்எம்எஸ் வந்திருந்தால், 14, 15, 16 பொங்கல் விடுமுறை. 17 வெள்ளி முதல் நாள், 18 மூன்றாம் சனிக்கிழமை என்பதால் இரண்டாம் நாள், 20 திங்கள் மூன்றாம் நாள். ஒரு வாரம் கிடைத்ததுபோலத் தெரியும். கார்டை முடக்காத வரை, அந்த ஒரு வாரமும் எடுப்பவனுக்கும் கிடைக்கிறது.

ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்கு இந்த மூன்று நாள் பாதுகாப்பு இல்லை. அது வாடிக்கையாளரின் அலட்சியமாகக் கொள்ளப்படும். வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரையான இழப்பு முழுவதும் அவருடையது. அதற்குப் பிறகு நடப்பது வங்கியுடையது. இங்கே கணக்கு நாளில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது. "ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறது, எனவே பரிவர்த்தனை செல்லும்" என்று வங்கி பதில் எழுதலாம். அது வாதம்தான், நிரூபணம் ஆகாது. வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையை அதே சுற்றறிக்கை வங்கியின் மீது வைத்தது.

வாடிக்கையாளர் பக்கம் இருக்க வேண்டிய ஆதாரம் ஒன்றுதான்: புகார் எண்ணும், அது பதிவான தேதியும் நேரமும். கஸ்டமர் கேரில் பேசி, எண் வாங்காமல் வைத்த போனுக்கு மதிப்பு குறைவு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்வதும் அவசியம். ஆனால் மூன்று நாள் கணக்கு பார்க்கப்படுவது வங்கிக்கு எப்போது சொன்னார் என்பதை வைத்து. இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.

புகார் வந்த 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் இதனால் வட்டிச் சுமை ஏறக் கூடாது. மோசடி என்று மறுக்கப்பட்ட பரிவர்த்தனைக்கு, தீர்வு வரும் வரை கட்டணம் விதிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் 21 வழிகாட்டுதலும் சொன்னது. ஆனால் மறுப்பு பதிவாகாத தொகை சாதாரணக் கடன் பாக்கியாகவே நிற்கும். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், 50,000 ரூபாய்க்கு மாதம் 1,750. கிரெடிட் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கட்டாத பாக்கி சிபில் ஸ்கோரில் பதிவாகும். அடுத்து டிராக்டர் கடன் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அரூர் வாடிக்கையாளர் தாம் வசிக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.

அசாமில் ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் ஒருவர், இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பித் தர முயன்றபோது, கடையின் ஆள் என்று பேசியவர் சொன்ன செயலியைப் பதிவிறக்கினார். 2021 அக்டோபரில் அவருடைய கணக்கிலிருந்து 94,204 ரூபாய் 80 காசு போனது. அது கிரெடிட் கார்டு அல்ல, வங்கிக் கணக்கு, விதி ஒன்றுதான். ரகசிய எண்களைப் பகிர்ந்துவிட்டார் என்றது வங்கி. அவர் மறுத்தார். 24 மணி நேரத்துக்குள் அவர் வங்கிக்குத் தெரிவித்திருந்தார். குவஹாட்டி உயர் நீதிமன்றம் பணத்தைத் தரச் சொன்னது. வங்கி மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, வங்கியின் பொறுப்பை உறுதி செய்த நாள் 2025 ஜனவரி 3.