குனிந்து ஓட்டுவதா, நிமிர்ந்து ஓட்டுவதா?

பந்தய வண்டியின் சாயலில் உடல் முழுவதும் ஃபேரிங் போர்த்து, டேங்கின் மேல் மார்பு சாயும்படி தாழ்ந்த பிடிகளோடு வரும் மோட்டார் சைக்கிளைச் சில வருஷங்கள் பிரியமாக ஓட்டியவர்கள், அதே வேகத்தை விட்டுக்கொடுக்காமல், ஃபேரிங் இல்லாததும் நிமிர்ந்து உட்காரத் தக்கதுமான ‘நேக்கட்’ வகைக்கு மாறிவிடலாமா என்று ஏதோ ஒரு கட்டத்தில் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆலோசனை சொல்ல வரும் நண்பர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் விலையையும் பேசிவிட்டுப் போகிறார்கள். இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஓட்டுகிறவருடைய சரீரத்துக்கே உண்டு என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஓசூரில் டி.வி.எஸ். நிறுவனம் உற்பத்தி செய்யும் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். 2017 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310 முழு ஃபேரிங் கொண்டது. 2023 செப்டம்பரில் வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 ஃபேரிங் இல்லாதது. இரண்டிலும் இருப்பது 312 சி.சி. கொள்ளளவுள்ள ஒரே குடும்பத்து ஒற்றை சிலிண்டர் இஞ்சின்தான். வெளிவந்த காலத்தில் முன்னதன் சக்தி 34 பி.எஸ்., பின்னதன் சக்தி 35.6, எடையில் மிகச் சொற்ப வித்தியாசம், இருக்கையின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர். காகிதத்தில் இவ்வளவு நெருங்கிய உறவுடைய இவ்விரண்டும், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குகிறபோது, சம்பந்தமே இல்லாத இரு வாகனங்களாகத் தோன்றுகின்றன.

காரணம் கைப்பிடியில் இருக்கிறது. ஃபேரிங் வண்டியின் பிடிகள் முன் ஃபோர்க்கிலேயே தனித்தனியாகப் பூட்டப்பட்ட கிளிப்-ஆன் வகை, தாழ்வானவை, குறுகலானவை. கால் மிதிகளோ பின்னால் தள்ளி, உயர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. நெடுஞ்சாலையில் வேகம் ஏறியபின் எதிர்க்காற்று மார்பை லேசாகத் தாங்கிக்கொள்வதால் இந்த நிலை சுகமாகவே இருக்கும். ஆனால் பெருங்களத்தூரில் மாலை நேர நெரிசலில் பஸ்களுக்கு இடையே ஊர்ந்து செல்லும்போது அந்தக் காற்றுத் துணை இல்லாததால், உடலின் மேற்பாதிப் பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வந்து இறங்கி, கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுகிற இடது கை மணிக்கட்டில் முதலில் ஒரு மரத்துப்போன உணர்வாகவும், பிறகு கட்டைவிரல் வரை ஓடும் வலியாகவும் தன்னைத் தெரிவித்துக்கொள்கிறது. அதே சமயத்தில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்க, ஃபேரிங்கின் இடுக்குகள் வழியே வரும் அனல் தொடைகளைச் சுடும். வயிற்றுத் தசையால் முதுகைத் தாங்கி, முழங்கால்களால் டேங்கைக் கவ்விப் பிடித்து ஓட்டப் பழகியவர்களுக்கு இந்த வேதனை பாதியாகக் குறையும் என்பதும் உண்மை. அந்தப் பயிற்சியைச் செய்து பாராமல் வண்டியைக் குறை கூறுவது நியாயமன்று.

இனி ஃபேரிங்கின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள தடை 120-இல் நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகிறது. நேக்கட் வண்டியில் அந்த நான்கு மடங்குக் காற்றும் மார்பிலும் ஹெல்மெட்டிலும் மோதி, கழுத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே வாரந்தோறும் சென்னையிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் ஃபேரிங்கை இழந்தால் அதன் அருமையை உடனே உணர்வார். 2023 நவம்பர் முதல் இருசக்கர வாகனங்களுக்கு 50 கிலோமீட்டரே உச்ச வேகம் என்று போலீஸார் விதித்திருக்கும் சென்னை நகருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கோ, காற்றைக் கிழிக்கும் அந்த அமைப்பு அனேகமாக ஓர் அலங்காரந்தான்.

மலைப்பாதை இன்னொரு விதமான பரீட்சை. கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்கி, மேலிருந்து பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்து, வண்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. அகலமான ஹேண்டில்பார் நெம்புகோலாய் உதவுவதால் நேக்கட் வண்டி இலேசான தள்ளலுக்கே சாய்ந்து கொடுக்கிறது. நிமிர்ந்த முதுகு பார்வைக்கும் இடம் தருகிறது. கிளிப்-ஆன் பிடிகள் டேங்கின் பக்கம் சீக்கிரமே முட்டிக்கொள்வதால், குனிந்த வண்டியில் குறுகலான திருப்பம் சிரமமானது; இறக்கத்திலோ பிரேக் பிடிக்குந்தோறும் பாரம் மறுபடி மணிக்கட்டுக்கே வருகிறது.

நேக்கட்டுக்கு மாறுவதை ஒருவிதப் பதவியிறக்கமாக, வயதாகிவிட்டதன் அடையாளமாக எண்ணி மனம் குமைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: 1992-ஆம் வருஷம் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் டுகாட்டி நிறுவனம் வைத்த மான்ஸ்டர், மிகேல் கல்லூசி என்ற வடிவமைப்பாளர் அந்நிறுவனத்தின் வேக வண்டிகளின் உறுப்புகளையே எடுத்து ஃபேரிங் இல்லாமல் உருவாக்கியது, நலிந்துகொண்டிருந்த அந்த நிறுவனத்துக்கு அது பெரிய பலமாயிற்று. இந்த வகை பிறந்தது வேகத்தில் பிரியம் கொண்டவர்களிடமிருந்தே. பந்தயத் தளத்துக்குப் போகும் வழக்கமுடையவர் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் செட்டிபாளையத்திலோ தளத்தில் ஓட்டிப் பழகுகிறவருக்குத் தாழ்ந்த பிடியும் உயர்ந்த மிதியும் அங்கே பூரண அர்த்தம் பெறுகின்றன. முன்சக்கரத்தின் மேல் உடற்பாரம் விழுவதால் வளைவில் டயர் செய்வதையெல்லாம் கை உணர்கிறது. அத்தகையவர் தம் வண்டியை விற்க வேண்டாம் என்றே நான் வற்புறுத்துவேன்.

மற்றவர்களும் அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் பிடிகளைச் சற்றே உயர்த்தும் ரைசர்கள் தம் வண்டிக்குக் கிடைக்குமா என்று விசாரித்து, கிளட்ச், பிரேக் நெம்புகோல்களின் கோணத்தை முன்கைக்கு நேர்கோடாக மாற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பலருடைய மணிக்கட்டு வலி இந்த எளிய திருத்தத்திலேயே தணிந்துவிடுகிறது. அதற்கும் தணியாவிட்டால் ஷோரூம்காரர் தரும் பத்து நிமிஷ டெஸ்ட் ரைடை நம்பாமல், வாடகைக்கோ நண்பரிடம் இரவலாகவோ ஒரு நேக்கட் வண்டியை வாங்கி, தாம் அன்றாடம் போகும் வழியில், போகும் நேரத்தில், பின்னால் வழக்கமாக உட்காருகிறவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். மனைவியோ தங்கையோ அந்தச் சிறிய உயர்ந்த பின்சீட்டில் எத்தனை காலம் பொறுமையாக உட்கார்ந்து வந்தார்கள் என்பது பலருக்கு அன்றுதான் தெரியவரும்.

மாறுவது என்றே நிச்சயித்துவிட்டால், விற்பதற்கு முன் ஃபேரிங்கின் கீறல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்க வருகிறவர் விலையைக் குறைப்பது அங்கேதான். உரிமை மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் எண் படிவங்களைத் தாமே முன்நின்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பித்து, இழப்பீடு கோராமல் சேர்ந்திருக்கும் இன்ஷூரன்ஸ் சலுகையைப் புதிய வண்டியின் பாலிஸிக்கு மாற்றித் தரும்படி கம்பெனியில் எழுதிக் கேட்டால், அந்தத் தொகை முதல் வருஷப் பிரீமியத்திலேயே கழிந்துவிடும்.