லெவல் 92-தான் பாதி வழி! ஆன்லைன் கேம்கள் ஏன் இவ்ளோ மெதுவா நகருது?

‘ரூன்ஸ்கேப்’ கேமில் மரம் வெட்டுவது ஒரு திறன். அதில் லெவல் 99-ஐத் தொட 1,30,34,431 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இதில் சரிபாதி சேர்த்தவர் எந்த லெவலில் இருப்பார்? 50 என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். சரியான விடை: 92.

“இன்னும் ஏழே லெவல்தானே” என்று அங்கே நிற்பவர் நினைக்கலாம். ஆனால் தொடக்கத்திலிருந்து அதுவரை சேர்த்த மொத்தப் புள்ளிகளுக்குச் சமமாக இன்னொரு பங்கு பாக்கி இருக்கிறது.

இந்த மாதிரி ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களை இன்ஸ்டால் செய்து, இரண்டே நாளில் “செம போர்” என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதே கேமில் பத்து வருடமாகக் குடியிருப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: கிரைண்டிங். கேம் ஏன் இப்படி மெதுவாக நகர்கிறது? அதனால் யாருக்கு லாபம்? நம் நேரம் எங்கே போகிறது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கிரைண்டிங்னா என்ன?

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், அரைச்ச மாவையே அரைக்கிறது. ஒரே மரத்தை வெட்டுவது, ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது, ஒரே குகைக்குள் நாற்பதாவது முறை போய் வருவது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புள்ளி ஏறும். போதுமான புள்ளி சேர்ந்தால் அடுத்த லெவல்.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் 2007-ம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாக வைத்து 2013-ல் வந்த ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’, 2018 அக்டோபரில் ஃபோனுக்கும் வந்துவிட்டது. இதில் ஒரு சாதாரண மரக்கட்டை வெட்டினால் 25 எக்ஸ்பி. லெவல் 2-க்குத் தேவை 83 எக்ஸ்பி. ஆக, நாலு கட்டை வெட்டினால் போதும், லெவல் ஏறிவிடும். அடடா, இவ்ளோ ஈஸியா?

இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு ஏழு லெவலுக்கும் தேவைப்படும் புள்ளி இரட்டிப்பாகிறது. 99-லிருந்து ஏழு லெவல் கீழே உள்ள 92, பாதி வழியாக இருப்பதன் ரகசியம் இதுதான். சாதாரண மரத்தை மட்டுமே வெட்டி 99-க்குப் போக நினைத்தால், 5,21,378 கட்டை வெட்ட வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. லெவல் 60-ல் 175 எக்ஸ்பி தரும் மரமும், 75-ல் 250 எக்ஸ்பி தரும் மரமும் திறக்கும். அப்படி இருந்தும், மணிக்குச் சராசரியாக 50,000 எக்ஸ்பி கிடைப்பதாக வைத்துக்கொண்டால்கூட 260 மணி நேரம் ஆகும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் எட்டரை மாதம். இது ஒரே ஒரு திறனுக்கான கணக்கு. இந்த கேமில் 20-க்கும் மேற்பட்ட திறன்கள் இருக்கின்றன.

ஆரம்பம் நிஜமாவே மெதுவா?

பலரும் புலம்புவது ஆரம்ப லெவல்களைப் பற்றித்தான். ஆனால் எண்கள் வேறு கதை சொல்கின்றன. 2004-ல் வெளியான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமின் பழைய வடிவத்தில் லெவல் 1-லிருந்து 2-க்குப் போக 400 எக்ஸ்பி போதும். 59-லிருந்து 60-க்குப் போக 2,09,800 வேண்டும். கணக்குப்படி ஆரம்பம்தான் படுவேகம்.

அப்புறம் ஏன் இழுவையாகத் தெரிகிறது? கையில் ஒன்றிரண்டு திறமைகள்தான் இருக்கும், அதே பட்டனைத்தான் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சண்டை முடிந்ததும் உட்கார்ந்து ரொட்டி தின்று உடம்பைத் தேற்ற வேண்டும். எங்கே போவதானாலும் நடைதான். சவாரி செய்யக் குதிரையோ ஓநாயோ வாங்க லெவல் 40 வரை காத்திருக்க வேண்டும். அதற்கும் ஏறக்குறைய 100 தங்க நாணயம் தேவை. அந்த லெவலில் பலரிடம் அவ்வளவு தங்கம் இருக்காது.

ஆக, லெவல் வேகமாக ஏறினாலும், செய்வதற்கு விதவிதமாக ஒன்றும் இருக்காது. போரடிக்கக் காரணம் அதுதான்.

மெதுவா வச்சதுக்கு என்ன காரணம்?

முதல் காரணம், தயாரிப்புச் செலவு. ஒரு புதிய நிலப்பகுதியை, அதன் கதை, எதிரிகள், இசையோடு உருவாக்க ஒரு குழுவுக்குப் பல மாதங்கள் ஆகும். ஆடுபவர் அதை ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார். அடுத்தது தயாராகும் வரை அவரைப் பிடித்துவைக்க வேண்டுமே!

இரண்டாவது, சந்தா. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் அமெரிக்காவில் மாதம் 14.99 டாலர் கட்டணத்தில் வந்தது. நீங்கள் எத்தனை மாதம் தங்குகிறீர்களோ, அத்தனை மாதக் கட்டணம்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் சுவாரஸ்யமானது: மனிதர்கள். 1999-ல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ கேமில் செத்தால் சேர்த்த எக்ஸ்பி குறையும். ஆயுதம், கவசம் எல்லாம் செத்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பி ஓடிப்போய் எடுக்க வேண்டும். தனியாக அது முடியாத காரியம். அதனால் முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்டார்கள், பழகினார்கள், குழுவாகச் சேர்ந்தார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் ஆரம்பக் காட்டில் ‘ஹாக்கர்’ என்ற எதிரி உண்டு. தனியாகப் போன எத்தனையோ புதியவர்கள் அவனிடம் அடி வாங்கித் திரும்பியிருக்கிறார்கள். “யாராவது ஹாக்கரை அடிக்க வர்றீங்களா?” என்று சாட்டில் கேட்டதுதான் பலருக்கு அந்த உலகில் முதல் பேச்சு.

மூளையை எப்படிப் பிடிக்கிறாங்க?

காத்திருப்பவரை எழுந்து போகாமல் வைக்கப் பழைய உளவியல் பாடங்கள் உதவுகின்றன. பி.எஃப்.ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டியது இது: பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் உயிரினங்கள் விடாமல் முயல்கின்றன. அபூர்வ வாள் அடுத்த எதிரியிடமும் கிடைக்கலாம், ஐந்நூறாவது எதிரியிடமும் கிடைக்கலாம் என்ற அமைப்பு இதே பாடம்தான்.

இன்னொன்று, 2006-ல் வெளியான கார் கழுவும் அட்டை ஆய்வு. ஒரு குழுவுக்கு 8 முத்திரை தேவைப்படும் அட்டை. இன்னொரு குழுவுக்கு 10 முத்திரை அட்டை, ஆனால் 2 முத்திரை ஏற்கெனவே குத்தித் தந்தார்கள். இரண்டுக்கும் தேவை 8-தான். முதல் குழுவில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள், இரண்டாவது குழுவில் 34 சதவீதம் பேர். ஏற்கெனவே கொஞ்சம் நகர்ந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்தால், பாதியில் விட மனம் வராது. நாலு கட்டைக்கே லெவல் 2 தரும் கேம் செய்வதும் இதைத்தான்.

அதே எண், வேற பெயர்

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெளியாகும் முன் நடந்த பீட்டா சோதனையில் ஒரு விதி இருந்தது. நீண்ட நேரம் ஆடினால் பாத்திரம் களைத்துப்போகும், கிடைக்கும் எக்ஸ்பி பாதியாகும். சோதனையில் ஆடியவர்கள் கொதித்துவிட்டார்கள். “எங்களுக்குத் தண்டனையா?”

வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெயரை மாற்றினார்கள். குறைந்த அளவை ‘இயல்பு’ என்றார்கள். முழு அளவை ‘ஓய்வெடுத்ததற்கான இரட்டிப்பு போனஸ்’ என்றார்கள். லெவலுக்கான மொத்தத் தேவையும் அதற்கேற்ப உயர்ந்தது. லெவல் ஏற ஆகும் நேரம் அப்படியே இருந்தது. எதிர்ப்பு அடங்கிவிட்டது.

இது ஏமாற்று வேலை மட்டுமல்ல. விடுதியிலோ நகரத்திலோ லாக்-அவுட் செய்துவிட்டுப் போனால், ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் ஒரு லெவலின் 5 சதவீத அளவுக்கு போனஸ் சேரும். அதிகபட்சம் ஒன்றரை லெவல் அளவு. ஆபீஸ் போய்விட்டு இரவில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுபவருக்கு இது நிஜமாகவே உதவி. ஆடாமல் இருந்ததற்குப் பரிசு தரும் அபூர்வமான விதி.

வேகமாக்கினா சரியாயிடுமா?

இதற்கும் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டே சாட்சி. 2007-ல் நடு லெவல்களுக்குத் தேவையான எக்ஸ்பியைக் குறைத்தார்கள். 2009 டிசம்பரில், ஒரு பட்டனைத் தட்டினால் குகைக்கான ஐவர் குழு தானாகச் சேரும் வசதி வந்தது. 2014-ல் நேராக லெவல் 90-க்குத் தாவும் வசதியை 60 டாலருக்கு விற்றார்கள். 2020-ல் உச்ச லெவலையே 120-லிருந்து 60-க்குச் சுருக்கினார்கள்.

எல்லாம் வசதிதான். ஆனால் சாட்டில் ஆள் தேட வேண்டிய அவசியம் போனதும், பேச வேண்டிய அவசியமும் போனது. பழைய வடிவத்தைத் திரும்பக் கேட்ட குரல்கள் அதிகரித்தன. உங்களுக்கு அது வேண்டும்போலத் தோன்றும், ஆனால் உண்மையில் வேண்டியிருக்காது என்ற பொருளில் 2013-ல் மேடையில் பதில் சொன்னார் பிளிஸார்ட் நிறுவனத்தின் ஜே.ஆலன் பிராக். நாலு வருடம் கழித்து, 2017-ல், பழைய வடிவம் வருகிறது என்று மேடையில் அறிவித்ததும் அவரேதான்!

2019 ஆகஸ்ட்டில் ‘கிளாஸிக்’ திறந்தபோது உள்ளே போகவே மணிக்கணக்கில் வரிசை. 2023-ல் ‘ஹார்ட்கோர்’ சர்வர்களும் வந்தன. அங்கே ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது, மறுபடி லெவல் 1. ஆகவே பயந்து பயந்து, இன்னும் மெதுவாகத்தான் நகர வேண்டும். ஆடுபவர்கள் தாங்களாகவே விதி வகுத்து விளையாடத் தொடங்கியதைப் பார்த்துத்தான் நிறுவனம் அதை அதிகாரபூர்வமாக்கியது.

மெதுவாக இருப்பதை மக்கள் வெறுக்கிறார்கள் என்றால் இது நடந்திருக்காது. ஒவ்வொரு லெவலுக்கும் அர்த்தம் இருந்தால், மெதுவான பயணத்தையும் விரும்பி ஏற்கிறார்கள்.

அப்போ பிரச்னை எங்கே?

மெதுவாக வைத்தவர்களே வேகத்தை விற்கும்போது. மெதுவான பயணத்துக்காகவே வந்த கிளாஸிக்கிலும், 2021-ல் லெவல் 58-க்குத் தாவும் வசதி 39.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

ஃபோன் கேம்களில் இது இன்னும் நுணுக்கம். 2020-ல் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ கேமில் பாத்திரங்களை வளர்க்கத் தேவையான பல பொருட்களை எடுக்க ‘ரெசின்’ வேண்டும். 8 நிமிடத்துக்கு 1 வீதம் ஊறும், இப்போதைய உச்சம் 200. காலியானால் முழுசாக நிரம்ப 26 மணி நேரம் 40 நிமிடம். சீக்கிரம் வேண்டுமா? காசுக்கும் வாங்கக்கூடிய ரத்தினங்களைக் கொடுத்து நிரப்பலாம். கிரைண்ட் பண்ணக்கூட ரேஷன்! 2022-ல் வந்த ‘டயாப்லோ இம்மார்ட்டல்’ கேமில் பாத்திரத்தைப் பலமாக்கும் அரிய ரத்தினங்களுக்கான வாய்ப்பு இலவசமாகக் கொஞ்சம்தான் கிடைக்கும், மீதியை வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களை 2018-லேயே சூதாட்டம் என்று வகைப்படுத்திய பெல்ஜியத்தில் இந்த கேம் வெளியாகவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவருக்குப் போரடிக்கும் வேலை, இன்னொருவருக்குக் கூலி. கேம் தங்கத்தையும் லெவலையும் வெளிச்சந்தையில் விற்கும் தொழில் 2009-ல் சுமார் 300 கோடி டாலர் மதிப்புடையது என்று உலக வங்கியின் இன்ஃபோடெவ் திட்ட அறிக்கை 2011-ல் மதிப்பிட்டது. சீனாவில் ஷிஃப்ட் போட்டு ஆட்கள் இதைச் செய்தார்கள். பணவீக்கத்தால் வெனிசுவேலா நாணயம் மதிப்பிழந்தபோது, அங்கே பலர் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்ததை விற்று வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். கேம் மெதுவாக இருப்பதால்தான் இந்தச் சந்தையே உருவானது.

இன்ஸ்டால் பண்ணும் முன் நாலு கேள்வி

1. அலுப்பைத் தவிர்க்கும் வசதியை கேம் நிறுவனமே விற்கிறதா? ஆம் என்றால், அலுப்பைக் குறைப்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை இருக்கும் என்று யோசியுங்கள்.

2. “அம்பதாவது லெவலுக்கு மேலதான் கேமே ஸ்டார்ட் ஆகும்” என்று நண்பர் சொல்கிறாரா? அதுவரை ஆகும் மணி நேரத்தைக் கேளுங்கள். உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் சும்மா இருக்கிறது என்பதோடு வகுத்துப் பாருங்கள்.

3. ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகும்? ஓய்வு போனஸ் போலக் காத்திருக்கிறதா, அல்லது தினசரிப் பரிசு கைநழுவிப் போகிறதா? இரண்டாவது என்றால், அது உங்கள் அட்டவணையை எழுதத் தொடங்கிவிட்டது.

4. லெவல் ஏறும் சத்தத்தை நிறுத்திவிட்டால், அந்த மரம் வெட்டுவதோ, நண்பர்களோடு குகைக்குப் போவதோ அப்போதும் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் தாராளமாக ஆடுங்கள். பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டே மரம் வெட்டுவது பலருக்கு நிஜமான ஓய்வுதான்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் சாட்டில் ‘பிளேய்ட்’ கட்டளையைத் தட்டினால், அந்தப் பாத்திரத்தோடு மொத்தம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் செலவழித்தீர்கள் என்று காட்டும். ஃபோன் கேம் என்றால் செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைமைப் பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தால் பிரச்னையில்லை. வயிற்றைக் கலக்கினால், இன்றைக்கு லாக்-அவுட் செய்துவிட்டுத் தூங்கலாம்.